உதிர்ந்த நீலம்

நியூ ஜெர்சி,
மார்கழி 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட முழங்கால் வீக்கம் வற்றிச்சுதோ? நான் சுகமா இருக்கிறன், குளிர்தான் கூட.

மியூசியத்தில பழைய எகிப்துக் கோயில் சுவரொண்டைத் துப்புரவாக்கத் தந்தவை. கல்லில செதுக்கி வர்ணம் பூசின அம்மன் ஒருத்தி நீலக் கூந்தலோட நிக்கிறா. கல்லுக்குள்ள இருக்கிற உப்பு வெளிய வந்து வர்ணத்தைத் தள்ளுது. நேற்று என்ர தூரிகை பட்டதும் நீலம் முழுக்க உதிர்ந்து கையில கொட்டிச்சுது.

"உன்ர பிழையில்லை, ராஜா. இனி ஒண்டும் செய்யேலாது" எண்டு மேலதிகாரி சொன்னா. நான் சிரிச்சுச் சமாளிச்சன். ஆனா கையைக் கழுவ மனம் வரேல்லை.

கூழ் காய்ச்சக் கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்புங்கோ. ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போன தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சால், கெட்ட செய்தியெண்டாலும் மறைக்காமல் எழுதுங்கோ. அவன் வந்திடுவான் எண்டு மட்டும் இனி எழுதாதேங்கோ, அம்மா.

வேலைக்குப் போற பஸ் வருது, இத்தோட நிப்பாட்டுறன்.

மகன்
வரதராஜா