உங்கள் கோபம் அல்ல அப்பா, தண்ணீர்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் ஹீற்றர் இருக்கிறதோ தெரியாது. இங்கே என் அறை ஹீற்றரின் மேல், பழைய துவாய் ஒன்றை விரித்து, உங்கள் வெள்ளை வான் வண்டியின் நான்கு கொயில்களைக் காயவைத்திருக்கிறேன். எஞ்சினுக்குள் பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியை அனுப்புவது இவைதான். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பொனற்றைத் திறந்தால், கண்ணாடி கழுவும் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தேடுகிற ஆள் நீங்கள்.

பயமாக இருக்கிறது. பெரியப்பா ஹோலில் படுத்திருக்கிறார். அவருடைய ஜக்கெற்றிலிருந்து எடுத்த வான் திறப்புக் கொத்து என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அவர் எழும்பி இந்தக் கதவைத் திறந்தால் என்ன சொல்வேன்? போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் மன்னியுங்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முதல்நாள், சாவுத் துடக்குக் கழிய வீடு கழுவினோம். மரத்தரையில் வாளியால் ஊற்ற முடியாது என்பதால் அம்மா மொப்பை மஞ்சள் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். சூரிச்சிலிருந்து வந்திருந்த பெரியப்பாவுக்கு அது போதவில்லை.

"அவன்ரை உயிர் போனது வானுக்குள்ளை. வீட்டைத் துடைச்சிட்டு வானைச் சும்மா விடுறதோ?"

கீழே பார்க்கிங்குக்குப் போய், தோட்டத்துக் குழாயை இழுத்து வானைக் கழுவினார். பிறகு பொனற்றையும் திறந்து எஞ்சின் மேல் அடித்தார். அழுதுகொண்டே அடித்தார் அப்பா. அதனால்தான் அவர் மேல் என்னால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் ஓடி வந்து, எண்ணெய்த் தண்ணீர் சாக்கடைக்குள் போகிறது, பொலிசைக் கூப்பிடுவேன் என்று பிரெஞ்சில் கத்தினார். பெரியப்பா என்னைப் பார்த்தார். "கழுவினது போதுமாம்" என்று மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு வான் ஸ்டார்ட் ஆகவில்லை.

"சுத்துது, பத்துதில்லை" என்று சொல்லிச் சொல்லிப் பெரியப்பா திறப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பற்றரி களைத்து, சத்தம் மெலிந்துபோனது. "போதும் அத்தான்" என்றார் அம்மா. பெரியப்பா இறங்கி நின்று தலையை ஆட்டினார்.

"அவனுக்கு மனமில்லைப் பிள்ளை. தன்ரை வானை ஒருத்தரும் ஓடக்கூடாதெண்டு மறிக்கிறான்."

"பெரியப்பா, தண்ணி போனதாலைதான்…"

"நீ சின்னப்பிள்ளை. உனக்கு உதுகள் விளங்காது."

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. நாளைக் காலை பேர்னிலிருந்து, பழைய வாகனம் வாங்குகிற தமிழர் ஒருவர் வருகிறார். லீவு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்புவதும் நாளைக்குத்தான். முதல் பஸ்ஸுக்கு முன்னமே வானில் போய், அவர் துப்புரவு வேலை செய்யும் அந்தக் கிராமத்துப் பல் கிளினிக்கைத் துடைத்து முடிக்க வேண்டும். வான் இல்லையென்றால் அந்த வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இந்த வீடு இல்லை. "எல்லாத்தையும் விட்டிட்டு சூரிச்சுக்கு வாங்கோ, எங்களோடை இருக்கலாம்" என்கிறார் பெரியப்பா. அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் எங்களை யாராவது கேட்டார்களா?

எனக்கு வானை விடவும் வலித்தது வேறு. நீங்கள் மறிக்கிறீர்களாம். காய்ச்சல் என்றாலும் அம்மாவைத் தனியே வேலைக்கு அனுப்பாத நீங்களா? அன்றைக்குக்கூட வானைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தி, ஹான்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிப்பாட்டிய பிறகல்லவா நெஞ்சைப் பிடித்தீர்கள்! செத்துப்போன மனிதர் திரும்பி வந்து பதில் சொல்லமாட்டார் என்ற துணிவில், எதையும் அவர் தலையில் கட்டலாமா?

எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. அப்படியென்றால் பொறி வரவில்லை. ஈரம் இருந்தால் மின்சாரம் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறு வழியால் ஓடிவிடும். இது எங்கள் பௌதிகப் பாடத்தில் இருக்கிறது. மீதியைக் கைபேசியில் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவரின் வீடியோவில் பார்த்தேன். வெயில் எறித்திருந்தால் தானாகவே காய்ந்திருக்கும். ஃப்ரிபூர்க்கில் அன்று தொடங்கிய பனிமூட்டம் இன்னும் கலையவில்லை.

இன்று பின்னேரம் பெரியப்பா அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். தலையிடி என்று நான் நின்று, அவர் வீட்டில் விட்டுப்போன ஜக்கெற்றிலிருந்து திறப்பை எடுத்தேன். முதலில் பற்றரியின் வயரைக் கழற்றினேன். ஷோக் அடித்தால் யார் வருவார்கள்? பிறகு கொயில்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். அப்பா, அவற்றுக்குக் கீழே பிளக் இருக்கிற குழிகளில் தண்ணீர் நின்றது! மஞ்சள் தண்ணீர்கூட இல்லை, வெறும் குழாய்த் தண்ணீர். "இதோ, அப்பாவின் கோபம்" என்று சத்தமாகவே சொன்னேன். அகப்பைக் காம்பில் சமையல் கடதாசியைச் சுற்றி ஒற்றியெடுத்தேன். கேபிளைக் கீழறை ஜன்னலால் இழுத்து, ஹெயர் ட்ரையரால் காயவைத்தேன்.

பற்றரிக்குச் சார்ஜர் வேண்டியிருந்தது. கொன்சியேர்ஜின் கதவைத் தட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இனித் தண்ணீர் இல்லையே?" என்றார். "இல்லை" என்றேன். தந்தார்.

இவ்வளவும் எழுதும்போது கதவு திறந்தது. கடிதத்தைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன். அம்மா. அவர் ஹீற்றரைப் பார்த்தார், என் கறுத்த நகங்களைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கிட்ட வந்து, அப்பளம் பிரட்டுவதுபோல நான்கு கொயில்களையும் ஒவ்வொன்றாகப் பிரட்டி வைத்தார்.

"மற்றப் பக்கமும் காயட்டும்" என்றார். "விடிய என்னோடை கீழை வா. பெரியப்பாவை எழுப்பிப் போடாதை."

.

விடிந்துவிட்டது அப்பா. பள்ளிக்கூடம் போவதற்குள் மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

இருட்டில் அம்மா ரோர்ச் பிடித்தார். நான் கொயில்களைப் போட்டு, வயரைப் பூட்டி, திறப்பை நீட்டினேன். "நீயே திருப்பு" என்றார். முதல்தரம் சுற்றியது, பற்றவில்லை. பெரியப்பா சொன்னது உண்மையோ என்று ஒரு கணம் எனக்கும் வந்தது, மறைக்கமாட்டேன். இரண்டாம்தரம் இருமியது. மூன்றாம்தரம் உடம்பெல்லாம் உதறி, வெள்ளைப் புகை தள்ளி, உங்கள் வான் ஸ்டார்ட் ஆனது.

சத்தம் கேட்டுப் பெரியப்பா சாரத்தோடும் போர்வையோடும் ஓடி வந்தார். வானைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்.

"பாத்தியோ, பாத்தியோ! தம்பி மனமிரங்கிட்டான்!"

"இல்லைப் பெரியப்பா. தண்ணி காஞ்சிட்டுது."

அவர் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தள்ளி நிற்கவில்லை. அம்மா சிரித்துவிட்டார் அப்பா. நீங்கள் போன பிறகு இன்றைக்குத்தான். "அத்தான், வழி விடுங்கோ. எனக்கு நேரம் போகுது" என்று சொல்லி, ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஜன்னலால் பார்க்கிறேன். பெரியப்பா வெறும் பார்க்கிங்கின் நடுவில் நின்று பேர்ன்காரரோடு போனில் கதைக்கிறார். "வராதேங்கோ தம்பி. வான் இல்லை. வேலைக்குப் போயிட்டுது."

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆண்டுத் திவசத்துக்கு வானை நான்தான் கழுவுவேன், மஞ்சள் தண்ணீராலேயே. ஆனால் பொனற் மூடியிருக்கும். அதற்குள் யாராவது உங்கள் பெயரைச் சொல்லி அம்மாவின் கையிலிருந்து திறப்பை வாங்க வந்தால், நடுவில் நான் நிற்பேன். பயந்துகொண்டுதான் நிற்பேன். ஆனாலும் நிற்பேன்.

நகத்தில் இன்னும் எண்ணெய்க் கறுப்போடு,
உங்கள் மகள் சாரு