தண்ணீர் நிறம் மாறாத நாள்

இன்று காலை கையுறை கிழிந்து, சாயம் விரல் நுனியில் ஏறிவிட்டது. அதே ஆரஞ்சு நிறம். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. நீ இருந்திருந்தால், "இன்னாடி, மருதாணி வச்சிக்கினு வந்துக்கிறே?" என்று ஆய்வகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்திருப்பாய். குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ மலையில் ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சாமைக்காட்டு வீட்டுப் பெண். நான் போளூர்க்காரி. வேலூரில் ஒரே ஆய்வகத்தில் ஒரே மேசை நமக்குக் கிடைத்தது. பச்சை இலை வெயிலில் செய்வதைக் கண்ணாடித் தகட்டில் செய்ய வேண்டும், அதுதான் வேலை. தகட்டின் மேல் வெள்ளைப் பூச்சு. அதில் வெயிலை வாங்கிக்கொள்ளும் சாயமூலக்கூறு. பக்கத்தில், அந்த ஆற்றலைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் கோபால்ட் மூலக்கூறு. மூன்றையும் சேர்த்து வைத்தோம். சேர்ந்து வேலையும் செய்தன. ஆனால் கொஞ்ச நேரத்தில் சாயம் தகட்டைவிட்டுக் கழன்று, தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். அத்தோடு எல்லாம் நின்றுபோகும்.

வேறு பொருளுக்கு மாறிவிடலாம் என்றார் நம் ஆய்வு வழிகாட்டி. நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே பக்கந்தான் புடிச்சிக்கினு இருக்குது சார். இன்னும் ரெண்டு எடத்துல ஒட்டற மாதிரி மூலக்கூறை மாத்திப் பாக்கறோம்" என்றாய். சொல்வது சுலபம். அதைச் செய்வதற்குள் எத்தனை குடுவைகள் வீணாயின!

அதற்கிடையில் விளக்கொளி போதும், நிஜ வெயிலில் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஆசை வந்தது. பழைய தகட்டையே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் பேருந்து ஏறினோம். உன் வீட்டுக்கு முன்னால் சாமை காயவைக்கும் பாறையில் வைத்தோம். உன் அப்பா குந்தி உட்கார்ந்து குனிந்து பார்த்தார். மெல்லிய குமிழிகள் ஒவ்வொன்றாய்க் கிளம்பின. அப்போது ஒரு மேகம் வந்து மறைத்தது.

"இன்னாம்மா, நின்னுபோச்சி?"

"வெயிலு போச்சில்லப்பா. இரு, வரும்."

மூன்று பேரும் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருந்தோம். வெயில் வந்ததும் குமிழி வந்தது. அப்பா கைதட்டிச் சிரித்தார். மதியத்துக்குள் வழக்கம்போல் தண்ணீர் நிறம் மாறியது. எனக்குத்தான் முகம் விழுந்தது. நீ தகட்டைத் துடைத்துக்கொண்டே, "வந்துச்சில்ல? இனிமே நிக்க வைக்கணும், அவ்ளோதான்" என்றாய்.

பிறகு அந்த மழைக்காலம். ஊருக்குப் போன உனக்குக் காய்ச்சல் என்றார்கள். மலைப்பாதையில் வண்டி கிடைத்து உன்னை வேலூருக்குக் கொண்டுவருவதற்குள் உடம்பு தளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் நீ கேட்டது, மாற்றிய சாயம் பூசி நாம் முடித்து வைத்திருந்த புதுத் தகட்டைப் பற்றித்தான்.

"இன்னும் தண்ணியில போடல. நீ வா, சேந்து போடலாம்."

"எனக்கோசரம் வச்சிக்கினு இருக்காத. போடு" என்றாய். அதுதான் நீ பேசிய கடைசிப் பேச்சு.

பல வாரம் அந்த மேசைப் பக்கம் நான் போகவில்லை. ஒருநாள் போனேன், விளக்கொளியில் அந்தத் தகட்டைத் தண்ணீரில் போட்டேன். குமிழிகள் வந்தன. மதியம் தாண்டியது, சாயங்காலம் ஆனது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். வழிகாட்டி பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த வாரமே மலைக்குப் போய் உன் அப்பாவிடம் சொன்னேன். சாமை காயும் அந்தப் பாறையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ நிக்குதா?"

"நிக்குதுங்கப்பா."

"இதுல வூட்ல அடுப்பு எரியுமா?"

"அதுக்கு இன்னும் ரொம்ப நாளாவுங்கப்பா. எங்க காலத்துல வருமோ, இன்னாமோ."

"அவளும் அப்டிதாம்மா சொன்னா" என்று சொல்லி, என் தலையில் கைவைத்தார். "சாப்ட்டு போ."

இப்போதும் கருத்தரங்குகளில் பேசும்போது 'நாங்கள் செய்தோம்' என்றுதான் எனக்கு வருகிறது. போன மாதம் ஒருவர் எழுந்து, நாங்கள் என்றால் யார் யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன், ஊரையும் சொன்னேன்.

"அவங்க இப்ப எங்க வேலை செய்றாங்க?"

"என்கூடத்தான்" என்றேன்.