சவுக்குத் தோப்புக் காவலர் மாயவன் மீது நான் கொடுத்த புகார்

அனுப்புநர்:
செ. வசந்தா,
க/பெ செல்லப்பன்,
சின்னமேட்டுக் குப்பம்,
மரக்காணம் வழி.

பெறுநர்:
உயர்திரு கோட்ட வன அலுவலர் அவர்கள்,
கடலோரத் தோப்புகள் பிரிவு.

பொருள்: தோப்புக் காவலர் மாயவன் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அவரை மீண்டும் பணியில் சேர்த்தல் – எங்கள் குப்பத்துச் சவுக்குத் தோப்புகளை ஒரேயடியாக வெட்டி வேரோடு பிடுங்குவதை நிறுத்தி வைத்தல் – வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எனது 02.08.2004 தேதியிட்ட புகார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்துக்கு நான் புதியவள் அல்ல. பார்வையில் கண்ட புகாரை எழுதியவள் நானே. பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதாலும் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதாலும், எங்கள் குப்பத்தில் ரேஷன் கார்டிலிருந்து படகு நிவாரணம் வரை யாருக்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். இதுவரை நான் எழுதிய மனுக்களில் மிக விரைவாக நடவடிக்கை எடுக்கப்பட்டது அந்தப் புகாரின் மீதுதான். ஒரே மாதத்தில் ஒருவருக்கு வேலை போயிற்று. அது தவறான புகார் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

1. எங்கள் குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்மேட்டில் 1999-ஆம் ஆண்டு தங்கள் துறை சவுக்குக் கன்றுகளை நட்டது. நடுவில் படகு இழுக்கும் பாதை. பாதைக்கு வடக்கே ஒரு தோப்பு, தெற்கே ஒரு தோப்பு. இரண்டும் ஒரே வாரத்தில் நடப்பட்டவை; கன்றுக்குக் கன்று ஒரு மீட்டர்தான் இடைவெளி. குப்பத்துக்கு மேற்கே உப்பளங்கள். பிற்பகல் கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வந்து எங்கள் சோற்றிலும் பாத்தியில் விளையும் உப்பிலும் போடாமல் தடுத்தவை இந்தத் தோப்புகளே. ஆகவே அந்த மரங்களில் யார் கை வைத்தாலும் எங்களுக்குப் பதறும்.

2. 2004 ஜூலையில் காவலர் மாயவன் நான்கு கூலியாட்களுடன் வடக்குத் தோப்பில் இறங்கினார். மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் வைத்து வெட்டத் தொடங்கினார். பத்து நாட்களில் இரண்டாயிரம் மரத்தில் எண்ணூறு போய்விட்டது. ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, நெருக்கத்தில் மெலிந்து போனதையும் கோணல் மாணலானதையும் எடுத்துக் கலைத்து விட்டால்தான் மிச்சம் பருக்கும் என்றார். கடலைச் செடியைக் கலைத்து விடுவார்கள் என்பது கேள்விப்பட்டதுண்டு. ஏழெட்டு ஆள் உயர மரத்தையும் அப்படிச் செய்வார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த வாரமே மரங்களின் இடைவெளி வழியாக மணல் வந்து வீட்டில் விழுந்தது. எங்கள் பயத்துக்கு அந்த அளவில் காரணம் இருந்தது.

3. ஆனால் நான் எழுதிய புகாருக்கு அந்த அளவில் காரணம் இருக்கவில்லை. "மேற்படி காவலர் அரசு மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டி வண்டியேற்றி விற்றதை நேரில் கண்டேன்" என்று எழுதினேன். ஐயா, நான் காணவில்லை. கூனிமேட்டுப் பக்கம் ஒரு வண்டியில் சவுக்குக் கம்பு போனதாக யாரோ சொன்னார்கள். 'கேள்விப்பட்டேன்' என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்து, 'கண்டேன்' என்று எழுதினேன். வெட்டிய கம்புகள் அனைத்தும் தங்கள் துறையின் கிடங்கில்தான் அடுக்கப்பட்டிருந்தன என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

4. 24.08.2004 அன்று நடந்த விசாரணையில் நானும் இருந்தேன். யார் உத்தரவின் பேரில் வெட்டினீர்கள், எழுத்துப்பூர்வமான ஆணை எங்கே என்று அவரைக் கேட்டார்கள். ஆணை இல்லை என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. குற்றம் செய்தவர்தான் இப்படி நிற்பார் என்று அன்று எனக்கு உறுதியாகிவிட்டது. 01.09.2004 முதல் அவர் நிறுத்தப்பட்டார். தெற்குத் தோப்பில் கத்தி படாமலே வேலை நின்றது. ஒரு தோப்பையாவது காப்பாற்றினாய் என்று குப்பத்தில் என்னைப் பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

5. 26.12.2004 அன்று கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. அன்று எந்தத் தோப்பு எவ்வளவு தடுத்தது என்று சொல்லும் அறிவு எனக்கு இல்லை. வீடிழந்த பதினான்கு குடும்பங்களுக்குத் தார் அட்டைக் கூரை போட்டுத் தற்காலிக வீடுகள் கட்டித் தந்தார்கள். மரம் அடர்ந்த இடமே பாதுகாப்பு என்று நாங்களே தெற்குத் தோப்பின் ஓரத்தைக் கேட்டு வாங்கினோம். அதில் என் வீடும் ஒன்று. 2005 நவம்பரில் என் மகள் ஜெயப்ரியா பிரசவத்துக்கு வந்து, அந்த வீட்டில்தான் ஆண் குழந்தையோடு இருந்தாள்.

6. நவம்பர் 20-ஆம் தேதி வாக்கில், இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மாயவன் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். வேலை போன பிறகு அவர் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தார். மழைக்காலம் என்பதால் அந்த வேலையும் அப்போது இல்லை. பதினான்கு மாதம் கழித்து அவரைப் பார்த்ததும், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தெக்கால தோப்ப நம்பாதீங்கம்மா. எல்லாம் ஒசரந்தான், ஒடம்பு இல்ல. ஒண்ணு சாஞ்சா பத்து சாயும். காத்தும் மழையும் புடிச்சிகிச்சின்னா புள்ளைங்கள கூட்டிகினு வடக்கால போயிடுங்க. நீங்க சொன்னா ஜனம் கேக்கும்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

7. இரண்டு நாள் நான் நம்பவில்லை. எங்களைப் பயமுறுத்திப் பார்க்கிறார் என்றே தோன்றியது. மூன்றாம் நாள் நானும் என் கணவரும் தெற்குத் தோப்புக்குள் நடந்தோம். உள்ளே பகலிலும் இருட்டாக இருந்தது. கீழ்க்கிளைகள் எல்லாம் காய்ந்து, உச்சியில் மட்டும் ஒரு கைப்பிடி பச்சை. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு உயர்ந்தவை பருக்காமலே நின்றன. என் கணவர் ஒரு மரத்தை ஒற்றைக் கையால் தள்ளினார். அது அசைந்தது, அதன் தலையோடு பின்னியிருந்த ஐந்தாறு மரங்களும் சேர்ந்து அசைந்தன. ஈர மண்ணில் வேர் மேலெழும்புவதை நான் கண்டேன். ஐயா, இந்த முறை 'கண்டேன்' என்பது உண்மை. அன்று மாலையே பதினான்கு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். மாயவன் நினைத்தபடியே, நான் சொன்னதைக் கேட்டார்கள்.

8. 03.12.2005 சனிக்கிழமை காலையிலேயே காற்று திரும்பியது. பத்து மணிக்குள் பதினான்கு குடும்பங்களும் வடக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் வலை பின்னும் கொட்டகைக்குப் போய்விட்டோம். ஜெயப்ரியா இருபத்திரண்டு நாள் குழந்தையைப் புடவைக்குள் சுற்றி வைத்திருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்குத் தெற்கே மரம் முறியும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினோம். பிறகு எண்ண முடியவில்லை. காற்று நின்றதும் போய்ப் பார்த்தோம். முந்நூறுக்கு மேற்பட்ட மரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பதினொரு வீடுகளின் கூரை தரையோடு கிடந்தது. என் வீட்டில் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்த இடத்தில் இரண்டு மரம் குறுக்கே கிடந்தது.

9. ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

10. வடக்குத் தோப்பில் அதே காற்றில் நான்கு மரம் மட்டுமே முறிந்தது. அது ஏன் என்று தெரிந்துகொள்ள ஜனவரியில் நாங்கள் மறுபடியும் இரண்டு தோப்பையும் சுற்றினோம். என் கணவர் வலை நூலில் முடிச்சுப் போட்டு மரத்தின் சுற்றளவை எடுத்தார். ஒரே வயது மரம்தான். தெற்கில் ஒரு சாணும் நான்கு விரலும், வடக்கில் இரண்டு சாண். கடலைப் பார்த்த மூன்று வரிசையில் மாயவன் ஒரு மரத்தைக் கூடத் தொடவில்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. காற்றின் முதல் அடியை அந்த மூன்று வரிசை வாங்கட்டும் என்று விட்டிருக்கிறார். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளையும் தோண்டாமல் தரையோடு விட்டிருக்கிறார்; அந்த வேர்கள் இன்னும் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் காகம் போட்ட வேப்பங்கொட்டை முளைத்து நிற்கிறது. யாரும் விதைக்காத பூவரசும் புங்கனும் அங்கே உண்டு. முழங்கால் உயரத்துக்கு மேல் வந்த கன்றுகளை மட்டும் எண்ணினேன்: நூற்றுப் பதினேழு. தெற்கில் சவுக்குச் சருகு மெத்தை போலக் கிடக்கிறது. அதில் ஒரு கன்று கூட இல்லை. நான் காப்பாற்றியதாகப் பெயர் வாங்கிய தோப்பு அது.

11. அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 2004-இல் எங்கள் பகுதி வனவராக இருந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் ஓய்வு பெற்ற திரு. குழந்தைசாமி கிளியனூரில் இருப்பதாக அறிந்து, சென்ற மாதம் பஸ் ஏறிப் போனேன். மரத்தைக் கலைத்து விடச் சொன்னது தாமே என்றும், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எழுத்தில் தருவதற்குள் மருத்துவ விடுப்பில் போய்விட்டதாகவும் அவர் சொன்னார். மாயவனுக்கு வேலை போன விஷயமே அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. பிறகு பேரப்பிள்ளையின் நோட்டிலிருந்து தாள் கிழித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அசல் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

12. மறுநாள் உப்பளத்துக்குப் போய் மாயவனைப் பார்த்தேன். விசாரணையில் வனவர் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னும் ஒரு மாதத்தில் ஓய்வு பெறப் போகிற மனிதருக்குக் கடைசி நேரத்தில் பணிப் பதிவேட்டில் ஒரு கெட்ட குறிப்பு வந்துவிடக் கூடாது என்று நினைத்ததாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். வெயிலில் உப்பு வாருபலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "அத வுடும்மா. வேப்பங்கன்னு இடுப்பு ஒசரம் வர்ற வரைக்கும் ஆட்ட உள்ள வுடாதீங்க" என்றார். அன்றிலிருந்து வடக்குத் தோப்பில் ஆடு நுழையவில்லை. வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

13. இந்த நிலையில், இரண்டு தோப்புகளையும் 10.04.2006 அன்று ஏலம் விட்டு, முழுவதும் வெட்டி, பொக்லைன் வைத்து வேர்க்கட்டைகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடப்போவதாகப் பஞ்சாயத்து அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. மரம் விழுந்து வீடு நொறுங்கியதால்தான் இந்த முடிவு என்று கேள்விப்படுகிறேன். எங்கள் நன்மைக்காக எடுத்த முடிவு என்பதை உணர்கிறேன். ஆனால் நின்ற தோப்புக்கும் விழுந்த தோப்புக்கும் ஒரே தண்டனை ஆகிவிடும். கட்டையைப் பிடுங்கினால் மணல்மேடு கலைந்துவிடும். புதுக்கன்று வேர் பிடிக்க மூன்று வருடமாவது ஆகும். அதற்குள் வரும் காற்றுக்கு எங்களிடம் ஒன்றும் இருக்காது.

எனவே ஐயா அவர்கள் தயவு கூர்ந்து,

(அ) எனது 02.08.2004 புகாரை முழுவதுமாகத் தள்ளுபடி செய்யவும்;

(ஆ) வடக்குத் தோப்பை ஏலத்திலிருந்து நீக்கி, தானாக முளைத்த கன்றுகளோடு அப்படியே வளர விடவும். அடுத்து எப்போது, எவ்வளவு கலைக்க வேண்டும் என்பதைத் தங்கள் துறை முடிவு செய்து, அதை எழுத்தில் தரவும்;

(இ) தெற்குத் தோப்பில் சாய்ந்தவற்றை மட்டும் இப்போது அகற்றி, மீதியை ஒரே மூச்சில் வெட்டாமல், நாலைந்து வரிசை கொண்ட ஒரு பட்டை வெட்டி அதில் நட்டது பிடித்த பிறகு அடுத்த பட்டை என்று வெட்டவும், வேர்க்கட்டையைப் பிடுங்காமல் விடவும். அந்தத் தோப்பை இப்போது திடீரென்று கலைத்தால் மிச்சமும் சாயும் என்று மாயவன் சொல்கிறார். தாங்கள் நேரில் பார்த்து முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்;

(ஈ) மாயவனை மீண்டும் காவலராக நியமிக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

தாங்கள் பார்வையிட வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், என் கணவரும் நானும் படகுப் பாதையில் காத்திருந்து இரண்டு தோப்பையும் காட்டுவோம். முடிந்தால் காலையிலேயே வரவும். கால் மணி நேர நடைதான்.

காணாததைக் கண்டதாக எழுதியதற்கு என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதற்காக என்னை எப்போது அழைத்தாலும் வருவேன். ஆனால் அந்த விசாரணை முடியட்டும் என்று மாயவனின் காரியத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். அவர் குற்றமற்றவர் என்று ஒரு வரி தங்கள் முத்திரையோடு அவர் வீட்டு விலாசத்துக்கு முதலில் போய்ச் சேரட்டும்.

இணைப்பு: ஓய்வு பெற்ற வனவர் திரு. குழந்தைசாமி அவர்களின் கடிதம் (அசல்) – 1.

இடம்: சின்னமேட்டுக் குப்பம்
நாள்: 20.03.2006

இப்படிக்கு,
உண்மையுள்ள,
செ. வசந்தா