அளவெடுத்துச் செய்த துப்பாக்கி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நானும் உன் தம்பியும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. "சும்மா கையெழுத்தப் போட்டுட்டுக் கண்ணப் பாரும்மா" என்று போனில் சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். உனக்கு அரை நிமிஷம், எனக்கு நாலு நாளாகத் தையல் ஓடவில்லை. போனில் பேசி உன்னை ஜெயிக்க முடியாது, பாதியிலேயே "சரி சரி" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

தாத்தாவுக்கு அவர் முதலாளி கொடுத்த துப்பாக்கிக்கு இனி உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள், வருஷக் கடைசிக்குள் விற்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். உன் தம்பி துரை செய்த காரியம் தெரியாது. கடைக்கு எடுத்துப் போவதற்கு முந்தின நாள் உப்புத்தாளை வைத்து மரக்கட்டை முழுக்கத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, கட்டில் கால் மாதிரி பளபளவென்று ஆக்கி வைத்திருந்தான். புதுசு மாதிரி இருந்தால் நல்ல விலை வருமாம். துப்பாக்கிக் கடைக்காரர் துணியைப் பிரித்துப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "எண்பது வருஷத்த ஒரே நாள்ல தேச்சுட்டீங்களே தம்பி, அடுத்து குழலுக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு இருந்தீங்களா?" என்று கேட்டார். இவன் வெட்கமே இல்லாமல், "கறுப்பு டப்பா கிடைக்கல சார்" என்றான். என்ன சொல்லி அழுவது.

நல்ல வேளை, இரும்பில் கை வைக்கவில்லை. கடைக்காரர் இரண்டு குழலையும் கழற்றிக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியில் அடிப்பக்க முத்திரைகளைப் பார்த்தார். ஒரு நம்பர் இருந்தது. தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, ஐரோப்பாவில் பேர்பெற்ற கம்பெனி, நான் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னால் செய்தது என்றார். முதலாளி வேட்டைக்கு வைத்திருந்தது என்று நானும் சொன்னேன், அதுவரை எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பிறகு ஒரு டேப்பை எடுத்து விசையிலிருந்து கட்டையின் முனைவரை அளந்தார். பதின்மூன்று அங்குலம். "இது ரெடிமேட் இல்லம்மா. சுடுறவரோட அளவ எழுதி அனுப்பிச்சு, அவருக்குன்னே செய்ய வச்சது. கை குட்டையான ஆளு. கன்னம் வைக்கிற மேடு வலது பக்கம் இருக்கு பாருங்க, இடது தோள்ல வச்சுச் சுடுறவர். உங்க முதலாளி இடது கைக்காரரா?" என்று கேட்டார்.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அந்த மனுஷருக்குத் தெரியாது. முதலாளிக்குப் பதினைந்து வருஷம் சட்டை தைத்தவள் நான். அவர் கை நீளம் இருபத்தாறு அங்குலம், பனைமரம் மாதிரி ஆள், வலது கையால்தான் எல்லாம். என் அப்பாவுக்கு இருபத்திரண்டு. என் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துத் துணியைக் கடித்து வைக்கிறவர். அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரிய வீட்டுச் சுவர் முழுக்கக் கொம்பும் தலையுமாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் முதலாளி பேர் போட்டிருந்ததே, அத்தனையும் சுட்டது யார்? குறி தெரியாத மனுஷன், குறி தெரிந்த வேலைக்காரனுக்கு அளவெடுத்துத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, செத்த மிருகத்தின் மேல் தான் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். வேட்டையை விட்ட வருஷம் "நீயே வச்சுக்கடா" என்று கொடுத்தாராம், உரிமத்தையும் மாற்றிக் கொடுத்தாராம், எவ்வளவு தாராளம் என்று நாற்பது வருஷம் நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் தோளில் நிற்காத சாமானைத்தான் கொடுத்திருக்கிறார். அப்பாவும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

இப்போது நீ கையெழுத்துப் போடச் சொன்ன தாளுக்கு வருகிறேன். முதலாளியின் பேரன், இது தங்கள் தாத்தா சுட்ட துப்பாக்கி என்று கடிதமும் பழைய படங்களும் தருவானாம், அது இருந்தால் வாங்குகிறவர்கள் மூன்று மடங்கு கொடுப்பார்களாம். பதிலுக்கு நான், என் அப்பா இதைத் துடைத்துப் பாதுகாத்த பணியாள் மட்டுமே என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "ஆன்ட்டி, செத்தவங்களுக்கு இதுல என்ன நஷ்டம்?" என்று கேட்கிறான். உயிரோடிருக்கிற எனக்கு நஷ்டம் என்றேன். உன் தம்பி என் காலை மிதித்தான். விலங்கைக் கொன்றது பெருமை என்று நான் சொல்லவில்லை. பாவம் என்றால் அந்தப் பாவத்தையும் சேர்த்து அப்பா பேரில் எழுதுங்கள் என்கிறேன், அதிலும் ஏன் முதலாளிக்குப் பங்கு?

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமலே திங்கட்கிழமை போய் விற்றுவிட்டேன். மரம் தேய்ந்தது, இடது கைக்குச் செய்தது, பேர் தெரியாத ஆள் சுட்டது என்று மூன்று குறை சொல்லித்தான் விலை போட்டார்கள். விற்பனைத் தாளில் பயன்படுத்தியவர் என்ற இடத்தில் அப்பா பேரை நானே எழுதினேன். கடைக்காரர், "விலை ஏறாதும்மா" என்றார். இறங்காதில்லையா, அது போதும் என்றேன். உன் தம்பி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது. நீயும் கோபித்துக்கொள், ஆனால் மீதிக்கு என்று பணம் அனுப்பாதே, திருப்பி அனுப்புவேன்.

வந்த பணம் ஒரு கண் ஆபரேஷனுக்குத்தான் காணும். டாக்டர் இரண்டும் செய்தால்தான் நல்லது என்கிறார். ஊசியில் நூல் கோக்க ஒரு கண் போதும். உன் தாத்தாவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டிருப்பார், ஒன்றும் தப்பிப் போகவில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். என் பேரன் பள்ளிக்கூடத்தில், தன் கொள்ளுத்தாத்தா ஒரு வேட்டைக்காரருக்குத் துப்பாக்கி தூக்கினவர் என்று பேசிக் கைதட்டு வாங்கினான் என்றாயே. மறக்காமல் அதைத் திருத்திச் சொல்லச் சொல்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா