கொற்றன் நாக்கும் கீழ்வீதி அரிசியும்

ஏழ்கரையும் வறளாது விளைக. ஆறு தன் எல்லை அறிந்து நடக்க. செவ்வாற்று ஏழ்கரை நாடுடைய, நீர்காத்த பெருமான் வழிவந்த நல்லமங்கை தேவி, அகவை பதினாறு, ஆட்சியாண்டு ஒன்று, தன் கையாலேயே எழுத்தாணி பிடித்து விடுக்கும் ஓலை. கூடல்வாயில் காக்கும் மேற்றிசைத் தண்டநாயகர், தாயுடன் பிறந்த அம்மான், பொறைய மாராயர் கண்டுகொள்க. உம் கோட்டைக் கதவுகள் துருவேறாதிருக்க. உம் குதிரைகள் கால் பழுதின்றி நிற்க. அத்தையாரின் இருமல் தணிக. எங்கள் பக்கத்து நலம் எழுதும்படியாக இல்லை.

ஓலைநாயகம் எழுத வேண்டியதை அரசியே எழுதுவது ஏனென்று ஐயுற வேண்டா. ஓலைநாயகம் அமைச்சர் காரிநம்பியின் மருமகன். தன் பிழையை எழுதும் அரசர் மூன்றாமவரைப் பற்றி எழுதுவதுபோல் எழுத வேண்டும் என்பது நம் குல வழக்கு. ஆகவே இவ்வோலையில் அவள் என்று வருமிடமெல்லாம் உம் மருமகளே என்று கொள்க.

செய்தி இது. கொற்றன் என்னும் சேதிமுரசனின் நாக்கை வேரோடு அறுக்கும்படி எழுதிய ஓலை ஒன்று இலச்சினைக்காக அவள் முன் கிடக்கிறது. அமைச்சர் அதைப் பட்டுத்துணியில் ஏந்திவந்தார். கூடவே வெள்ளிக் கிண்ணத்தில் மாதுளை முத்துக்களும் கொண்டுவந்து, உண்டுகொண்டே இலச்சினை இடலாம் என்றார். அவர் விரல் நுனியில் மாதுளைச் சாறு சிவப்பாய் ஒட்டியிருந்தது. அவள் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

சேதிமுரசர் நாற்பதின்மர் நம் நாட்டில் உண்டு. மாலைதோறும் ஊர் மேடையேறி, முரசை மும்முறை அறைந்து, ஆற்றின் அளவு, சந்தை விலை, வழக்கின் தீர்ப்பு, காணாமற்போன மாடு, கடைசியில் ஒரு பாட்டு என ஊருக்குச் சொல்பவர்கள். நீர் இருபது ஆண்டு எல்லைப்புறத்தில் இருந்துவிட்டீர், ஒன்றை மறந்திருக்கலாம். முரசன் வாய் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, அன்று தான் உண்டது யார் சோறு என்பதை. சோறு சொல்லாத சேதி சேதியன்று. அதைக் கேட்டு யாரும் ஓர் அடி நகர வேண்டியதில்லை. அதற்காகவே அடுப்பெரியும் வீடு ஒவ்வொன்றும் திங்களுக்கு ஓர் உழக்கு முரசரிசி தந்துவந்தது. மேடைக்கு அருகே இருந்தாலும் தோப்புக்கு அப்பால் இருந்தாலும், கேட்டாலும் கேளாதிருந்தாலும், ஓர் உழக்கு. அந்த அரிசியைத் தின்ற முரசன், ஊர்ச்சோறு தின்றேன், ஊருக்குச் சொல்கிறேன் என்று தொடங்குவான்.

பங்குனித் தேர் முடிந்து அவள் பல்லக்கில் திரும்பியபோது, முரசரிசித் தண்டல்காரர் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தனர். அந்த வீட்டுக்காரி பிறவியிலேயே காது கேளாதவள். மூன்று திங்கள் அரிசி தரவில்லை. முரசு கேளாத எனக்கு முரசரிசி எதற்கு என்று கையசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் உள்ளே புகுந்து, கொதிக்கும் உலையில் அகப்பையை விட்டுப் பாதி வெந்த அரிசியை அரித்தெடுத்துத் தன் தோள்துண்டில் கொட்டினான். துண்டெல்லாம் வெற்றிலைக் கறை. அதை முறுக்கிப் பிழிந்தபோது கஞ்சி அவன் முழங்கை வழியே ஒழுகியது. அவன் அதை நக்கினான். நக்கிவிட்டு, உப்பில்லை என்று சொல்லிச் சிரித்தான். அவள் பல்லக்கிலேயே வாந்தியெடுத்தாள்.

அரண்மனை சேர்ந்ததும் முரசரிசியை ஒழிப்பதாகச் சொன்னாள். முரசர்க்கு இனி அரண்மனையே சோறிடும் என்றாள். ஒரு கிணற்றைத் தூர்வார நாலு திங்கள் யோசிக்கும் காரிநம்பி அன்று யோசிக்கவேயில்லை.

"அரண்மனை உலையில நாப்பது பேருக்குச் சோறு பெரிய காரியமா தாயே? விளக்கு வைக்கிறதுக்குள்ள ஓலை எழுதிடுவோம்" என்றார்.

எழுதும்போது அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அன்பளிப்பு என்ற பெயரில் தண்டல்காரர் மறுபடியும் பிடுங்காதிருக்க, இனி முரசர்க்கு எந்த வீட்டாரும் ஒரு பிடி சோறும் தரலாகாது, தந்தால் தண்டம் என்று எழுதிவிடலாம் என்றார். அவளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எழுதி, இலச்சினையும் இட்டாள். ஊர் குலவையிட்டது. அன்று அவள் கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே வெகுநேரம் பார்த்துக்கொண்டாள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இப்போது அந்தக் கண்ணாடியில் காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் முதல் முரசர்க்கு அரண்மனையிலிருந்து நெய்ச்சோறு போயிற்று. சோற்றோடு, அன்றைக்குச் சொல்ல வேண்டியதை எழுதிய நறுக்கோலையும் போயிற்று. இதை அவள் அறிந்தது வெகுநாள் கழித்து. அமைச்சர் வீட்டு வளைகாப்பு, பட்டத்து யானையின் நீராட்டு, அமைச்சர் கட்டும் மாளிகையின் தூண்கள் எத்தனை என்பன மேடையேறின. ஆற்றின் அளவு மேடையிலிருந்து இறங்கிப்போயிற்று. கொற்றன் மட்டும் வழக்கத்தை விடாமல், அரண்மனைச் சோறு தின்றேன், அரண்மனை சொன்னதைச் சொல்கிறேன் என்றே தொடங்கினான். அந்தத் தொடக்கத்தைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்களாம்.

ஐப்பசியில் ஆறு பெருகியது. கீழ்வீதிக்கு மேலே உள்ள நாவல்மதகுக் கரையைக் கல் வைத்துக் கட்டுவதாக ஏற்றவர் அமைச்சரின் மைத்துனர். கரை உறுதி, ஆறு நலம் என்று நறுக்கோலை வந்தது. கொற்றன் அதைச் சொல்லுமுன் கரைக்கு நடந்துபோய்ப் பார்த்திருக்கிறான். விரிசலில் முழங்கை வரை கைவிட்டு இழுத்தால் கல் வரவில்லை. ஊறி அழுகிய வைக்கோல் வந்தது. மாட்டுச் சாணத்தின் நாற்றம் என்று அவளிடம் பிறகு சொன்னான். கல்லுக்கென்று கருவூலத்தில் பெற்ற பொன் எங்கே போயிற்று என்பதற்கு அமைச்சர் மாளிகையின் தூண்களே சான்று.

அன்று முதல் அவன் அரண்மனைச் சோற்றைத் தொடவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்து, மூன்றாம் மாலை மேடையேறி முரசறைந்தான்.

"இன்னைக்கு நான் யார் சோறும் தின்னல. நாவல்மதகு விரிஞ்சு கெடக்கு. கீழ்வீதிக்காரங்க புள்ளகுட்டியக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க" என்றான்.

கீழ்வீதியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். சோறு சொல்லாத சேதி இதுவரை அவர்கள் கேட்டதில்லை. பசி மயக்கத்தில் உளறுகிறான், யாராவது மோர் கொடுங்கள் என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. ஆனால் மோர் கொடுக்கவும் யாரும் எழவில்லை. ஒரு பிடி சோறு யாராவது கொடுத்திருந்தால் அது சேதியாகியிருக்கும், ஊர் எழுந்திருக்கும். கொடுத்தால் தண்டம் என்று எழுதியவள் அவளல்லவா? அமைச்சரின் காவலர் மேடையிலேயே அவன் வாயைத் துணியால் கட்டி இழுத்துப்போயினர். அரசோலை இன்றி ஊரைக் கலைத்த குற்றத்துக்கு நாக்கு என்று எழுதப்பட்டது.

நேற்றுப் பகலில் அவள் காவற்கூடத்துக்குப் போனாள். தானே வாய்க்கட்டை அவிழ்த்தாள். தன் மடியில் கொண்டுபோன அப்பத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பசியில் அவன் கண்கள் உள்ளே போயிருந்தன. இரக்கத்தால் அல்லவா முரசரிசியை ஒழித்தேன் என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள் என்பதையும் எழுதுகிறாள்.

"அந்தத் தண்டல்காரப் பயலுகளைத் தொரத்தணும்தான் தாயி. நீங்க அரிசியையும் சேத்துல்ல தொரத்திட்டீங்க" என்றான் அவன். "ஒரே கை சோறு போட்டா, வேண்டாதப்ப அதே கை வாயைப் பொத்தும். ஆயிரம் வீடு போட்டா எந்தக் கையால பொத்துவாங்க?"

அரண்மனை விட்டால் நாற்பது முரசரையும் தாமே ஊட்டுவதாக உப்பு வணிகர் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அது ஆகாதா என்று கேட்டாள்.

"அவங்க சோத்தத் தின்னா, உப்பு வெலை நித்தமும் எறங்குதுன்னுதான் சொல்லணும். கடைக்குப் போனாத்தான் தெரியும் ஏறுனது" என்று சிரித்தான். நாக்குப் போகப்போகிற மனிதனுக்கு அச்சமில்லையா என்றாள். இருக்கிறது, வாய் வறண்டு கிடக்கிறது, ஆனால் கீழ்வீதியை மட்டும் காலி செய்துவிடுங்கள் என்றான்.

அமைச்சரிடம் அவள் கேட்டாள். கரை உறுதி என்றார். படையை அனுப்பச் சொன்னாள். படை ஓலைநாயகத்தின் ஓலைக்குக் காத்திருக்கிறது என்றார். அப்போதுதான் தன் கையில் ஒன்றுமே இல்லையென்று அவளுக்கு விளங்கியது.

ஆகவே இன்று காலை அவள் ஓர் உழக்கும் பனையோலைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு, இரண்டு பணிப்பெண்களோடு கீழ்வீதிக்கு நடந்தாள். முதல் வீட்டுக் கதவு முகத்தில் சாத்தப்பட்டது. இரண்டாம் வீட்டில் பாய் முடையும் நாச்சி என்பவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"குடுத்தா தண்டம்னு எழுதுனதும் நீங்க. குடுங்கன்னு வந்து நிக்கிறதும் நீங்க. நாங்க எந்த ராணி சொல்றதக் கேக்குறது?"

"ரெண்டாவது ராணி சொல்றதக் கேளுங்க" என்றாள் அவள். "மொதல் ராணி முட்டாள்."

நாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உழக்கு நிறைய அரிசி கொண்டுவந்து, தலைதட்டிப் பெட்டியில் கொட்டி, பக்கத்து வீட்டுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அறுபத்து மூன்று வீடுகள் தந்தன. ஒன்பது வீடுகள் தரவில்லை. அவர்களை அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. பானை கவிழ்ந்து கிடந்த இரண்டு வீடுகளில் கேட்கவே இல்லை. கேட்டுப் பெறுவது எத்தனை கூச்சமான வேலை என்று அப்போது தெரிந்தது. அந்தக் கூச்சம் இல்லாத தண்டல்காரரின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

அந்த அரிசி இப்போது காவற்கூட முற்றத்தில் வேகிறது. காவற்கூடத் தலைவன் கீழ்வீதியில் பிறந்தவன். தன் தாயும் ஓர் உழக்குத் தந்தாள் என்று கேட்டபின் கதவைத் திறந்துவிட்டான். மாலையில் கொற்றன் மேடையேறுவான், யார் சோறு தின்றான் என்று சொல்வான், கீழ்வீதி எழும். அமைச்சரும் இதற்குள் அறிந்திருப்பார். அவருடைய ஆட்கள் தெருமுனையில் கூடுகிறார்கள். அவள் இதைக் காவற்கூடத்தின் உள்ளறையில் அமர்ந்து எழுதுகிறாள். அவசரத்தில் இரண்டு ஓலைகள் கிழிந்தன, இது மூன்றாவது.

இனி ஆணை. முரசரிசி மீண்டும் வீட்டுக்கு ஓர் உழக்கு என்றே இருக்க. அரண்மனையும் ஒரு வீடே. அதுவும் ஓர் உழக்கே தருக, ஒரு மணியும் கூட்டலாகாது. அரிசியை வீட்டாரே கொண்டுவந்து மேடைப் பானையில் இடுக. இல்லாதவரும் காது கேளாதவரும் இடவேண்டா. தண்டல்காரன் எவனும் இனி ஒரு வீட்டு வாசலை மிதிக்கலாகாது, மிதித்தால் அந்தக் காலுக்கு விலங்கு. முரசர்க்கு நறுக்கோலை அனுப்புவோர், அமைச்சரே ஆனாலும், அரசியே ஆனாலும், ஊர் மன்றில் நின்று விடை சொல்க. வைக்கோற் கரை கட்டிய மைத்துனரையும் கட்டுவித்த காரிநம்பியையும் சிறைசெய்து, அந்தத் தூண்களைப் பெயர்த்து நாவல்மதகில் அடுக்குக. இவை உம்மால் நடத்தப்படுக.

ஆறு இன்று காலை மூன்றாம் படி ஏறியிருக்கிறது. கொற்றன் இன்று மாலை பேசிவிடுவான். நாளையும் அவன் பேச வேண்டும் அம்மானே. அதுதான் அவளுக்கு வேண்டியது. நாக்கறுக்கும் ஓலையை இன்றே முடிக்க வேண்டும் என்று அமைச்சர் ஆள்மேல் ஆள் விடுகிறார். அவள் கையைப் பிடித்து அழுத்தியாவது இலச்சினை பெறுவார் என்று பணிப்பெண் கேட்டு வந்து சொன்னாள். அவளுக்கு மணிக்கட்டு சிறியது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

ஆனால் அரசர் படித்துப் பாராமல் இலச்சினை இடக்கூடாது என்பதற்காக நம் முன்னோர் வைத்த ஒரு வழக்கைக் காரிநம்பியும் மீற முடியாது. அரக்குப் பேழையிலிருந்து நாளொன்றுக்கு ஓர் உருண்டையே எடுக்கப்படும். நாளொன்றுக்கு ஓர் ஓலைக்கே இலச்சினை. காலையிலேயே மடியில் எடுத்துவந்த இன்றைய உருண்டையை இப்போது உருக்கி, கூடல்வாயில் பொறைய மாராயர்க்கு என்று எழுதிய இவ்வோலையின் முடிச்சில் இடுகிறாள்.

ஆட்சியாண்டு ஒன்று, ஐப்பசி பதினொன்றாம் நாள், நண்பகல். நல்லமங்கை தேவி கையெழுத்து. ஆறு காக்கும் முரசு இலச்சினை.

அடுத்த உருண்டை நாளைக் கதிர் எழும்போது எடுப்பார்கள். அதற்குள் வந்து சேர்க.