பழனியப்பண்ணன் தூக்கிய கை

1956, ஆவணி 9. வேலந்தாவளம்.

நடந்ததை இன்னும் நம்ப முடியவில்லை. இன்று கட்சிக் கமிட்டி கூடியது. தலைவர் பழனியப்பண்ணனை நீக்கும் தீர்மானத்தை நான்தான் எழுந்து வாசித்தேன். தேர்தலுக்காக எதிர்க்கட்சியோடு ரகசியமாகக் கூட்டுப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. எழுதியது செயலாளர் சிவராமன். "ராவுத்தரே, நீங்க அவருக்குச் சிநேகிதருங்க. நீங்க வாசிச்சாத்தான் நாலு பேரு நம்புவாங்க" என்று நேற்று என் கடைக்கு வந்து தாளைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அது உண்மையா என்று அண்ணனிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கை தூக்கச் சொன்னபோது ஏழுக்கு ஏழு வந்தது. இனித் தலைவருடைய ஓட்டுதான் முடிவு. தனக்கே போட்டுக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே, தன்னை நீக்கும் தீர்மானத்துக்குக் கையைத் தூக்கினார்.

"அடுத்த தலைவரா நம்ம ராவுத்தரப் போடுங்க" என்றார். "இத்தன மாசமா எல்லாரும் முதுகுக்குப் பின்னாலதானுங்க பேசுனீங்க. மூஞ்சிக்கு நேரா சொன்னவரு அவரு ஒருத்தருதான்."

அந்த நாற்காலிக்காகவே இத்தனையும் செய்த சிவராமனுக்கு முகம் வெளிறிப்போனது. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அந்தத் தீர்மானம் நான் எழுதியதில்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்றேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வரட்டுங்களா, தலைவரே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பதினான்கு வருசமாக என்னை அவர் நேரில் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.