கண்ணாடியில் உருட்டிப் பார்க்கவும்

இஞ்சாருங்கோ,

நான் கரவெட்டிக்கு அக்கா வீட்டை போறன். பொழுதுபட முன்னம் வந்திடுவன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கு. சூடாக்கிறதெண்டால் விறகு அடுப்பை மூட்டுங்கோ, மண்ணெண்ணெய் விளக்குக்கு வேணும்.

பின்னேரம் ஏரம்பு அண்ணையின்ரை கடையிலை பலகையிலை ஓட்டை போட அரைக்கால் அங்குல ட்றில் பிட் ரெண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. தையல் மெசினுக்கு நூலும் ஊசியும் போட்டு இழுத்து மூட நான் அடிக்கிற லாச்சி அது இல்லாமல்தான் அரைகுறையாய்க் கிடக்கு. போனமுறை மாதிரி, ஏரம்பு அண்ணை எங்கடை சொந்தம், அவர் தந்ததை எப்பிடிச் சோதிக்கிறதெண்டு வெக்கப்பட்டு அப்பிடியே பொக்கற்றுக்கை போடாதையுங்கோ. அது முதல் ஓட்டையிலேயே வளைஞ்சு, பலகையையும் பிளந்துபோட்டுது. தங்க நிறமாய் மினுங்கிறது வேண்டாம், கறுப்பெண்டாலும் பரவாயில்லை. கடை மேசைக் கண்ணாடியிலை வைச்சு உருட்டுங்கோ. நுனி ஆடாமல் உருண்டால் நேரான பிட். நுனியிலை வெட்டுற ரெண்டு விளிம்பும் ஒரே அளவாயும் இருக்கோணும்.

அந்தப் பிட்டுக்காக நேற்று நான் ஏசினது கொஞ்சம் கூடத்தான்.

பத்மாவதி

பி.கு: பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் நீங்கள் வெக்கத்திலை நிமிந்து பாக்காமல்தான் ஓமெண்டனீங்கள். அண்டைக்கு நல்லதாய் அமைஞ்சிட்டுது. எந்த நாளும் அப்பிடி அமையாது, உருட்டிப் பாத்தே வாங்குங்கோ.